வேலிக்கு மேல் வீசிய டர்னிப்

அல் தைத் பக்கம் எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளி, எங்கள் கஃபீலின் பண்ணையில், பேரீச்ச மரங்களுக்கு நடுவே கடுகும் டர்னிப் கிழங்கும் விதைக்கச் சொன்னபோது எனக்கு முதலில் சூப்பர்வைசர் மேல்தான் சந்தேகம் வந்தது. தக்காளி எடுத்த நிலம் சும்மா கிடந்தால் மணல் பறக்கும், இதை விதைத்தால் மண்ணை மூடிக்கொள்ளும், இலை கஃபீல் வளர்க்கும் மானுக்கு ஆகும், மிச்சத்தை அப்படியே மடக்கி உழுதுவிடலாம் என்றார். எங்கள் அரியலூரில் கடுகு என்றால் தாளிக்க. மானுக்காக மூட்டை மூட்டையாய்க் கடுகு விதைப்பவரை நான் கண்டதில்லை. விதைக் கடைக்காரனும் இவரும் கூட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே விதைத்தேன்.

என் குணம் அப்படி. ரூமில் சர்க்கரை டப்பாவின் மூடி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் யார் கை வைத்தது என்று யோசிப்பேன்.

பண்ணை வேலைக்கு நாங்கள் இரண்டே பேர். பயிர் என் டியூட்டி. கம்பி வேலிக்குள் நின்ற ஒன்பது மான்களும் தள்ளியிருந்த கொட்டகை ஆடுகளும் பாயின் டியூட்டி. பாய் பாகிஸ்தான் பஞ்சாப்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் மான் பக்கம் வருவார். முதலில் காய்ந்த புல். மான்கள் அதைத் தின்று முடித்த பிறகு என் பாத்தியில் அரிவாளால் ஒரே ஒரு கட்டு இலை அறுத்துப் போடுவார். ஏன் ஒரே கட்டு என்று நான் கேட்டதில்லை.

இலை தளதளவென்று வந்த நேரத்தில் ஓரத்துக் கடுகு வரிசை மொட்டையாகிக்கொண்டே போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டாம் நாளே விடை ரூம் அடுப்பில் கொதித்தது. நெய், பூண்டு, என் கடுகுக் கீரை. பாய் ஒளிக்கவில்லை. எனக்கும் ஒரு தட்டில் வைத்து ரொட்டியோடு நீட்டினார். ருசியாக இருந்தது, அதில் எனக்கு இன்னும் எரிச்சல். கண் முன்னால் இவ்வளவு எடுப்பவர் கண் மறைவில் எவ்வளவு எடுப்பார் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு காலை, பெட்டை மான் ஒன்று இடப்பக்கம் வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது. டாக்டர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. கஃபீல் வண்டியை விட்டு இறங்கவில்லை. இதற்குக் காரணமானவனின் விசாவை கேன்சல் செய்துவிடு என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பாய்க்கு முகம் வெளுத்தது. அவர் மகனுக்கு இதே பண்ணையில் விசா தருவதாகக் கஃபீல் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட் நகல்கூட வந்து சேர்ந்திருந்தது.

சூப்பர்வைசர் புதுக்கோட்டைக்காரர். என்னைத் தனியாக மோட்டார் கொட்டகைக்குக் கூப்பிட்டார். "மானுக்குப் பச்சைத் தீனி அதிகமாப் போயிருக்கு. கண்டதைச் சொல்லுய்யா."

"பாய் நெனச்சப்பல்லாம் அறுக்குறாருண்ணே. ஓரத்துல போயிப் பாருங்க, மொட்டையாக் கெடக்கு."

பொய் இல்லை. அது சமையலுக்குப் போனது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவரே பாத்திக்கு வந்தார். "டாக்டரு வயித்தைக் கீறிப் பாத்துட்டாரு. அத்தனையும் இலை. காஞ்ச புல்லு மருந்துக்குக்கூட இல்ல. வேரும் மண்ணுமா அள்ளிப் போட்டிருக்கான். வெறும் வயித்துல ஈரப் பச்சை போட்டா உப்பிரும்னு அவன்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்கேன்."

வேர் என்றதும் டர்னிப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தேன். அரிவாளால் அறுத்த கட்டில் வேர் ஏது? டர்னிப் நெருக்கமாக முளைத்திருந்ததால் பத்து நாளாக விடிந்ததும் நான்தான் ஊடே ஊடே பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிடுங்கியதைப் பனி ஈரத்தோடு வாரி வேலிக்கு மேல் வீசிவிடுவேன். எங்கள் பக்கம் வயலில் எதைப் பிடுங்கினாலும் ஆட்டுக்குப் போகும். அதைத் தீனி போட்டதாக யாரும் நினைப்பதில்லை. பிடுங்கிய கை தானாக வீசும். பாய் அந்நேரம் ஆட்டுக் கொட்டகையில் இருப்பார். அந்தப் பெட்டை மான்தான் முதல் ஆளாக ஓடி வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நான்தான் அண்ணே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. "ஆமாண்ணே" என்றேன். மறுநாளிலிருந்து பிடுங்கியதையெல்லாம் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் பாயை ஏற்றிப்போக பிக்கப் வந்தது. பையை வண்டியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். எங்களுக்குள் இந்திதான்.

"சூப்பர்வைசர் நம்ப மாட்டேங்கிறார். நான் ஒரு கட்டுக்கு மேல போட்டதே இல்லை. எவனோ வெளியாள் காலையில வந்து வேலிக்கு மேல வீசிட்டுப் போறான். மண்ணோட வேர் கிடந்ததை நானே பார்த்தேன். நீ இங்கேதானே இருக்கப் போற, கண் வச்சு அவனைப் பிடி. ஊருக்குப் போனா என் நம்பர் மாறிடும், நானே உனக்குப் போன் பண்ணிக் கேட்கிறேன். என் மகன் விசாவாவது மிஞ்சும்."

"அச்சா பாய்" என்றேன்.

அவர் போனை நீட்டினார். என் நம்பரை அதில் நானே பதிந்து கொடுத்தேன்.