கொரான்தீன் அத்தையின் இரண்டு மொழிகள்

பிரான்சின் மேற்குக் கடலோரத்துப் பிரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் செல்திக் மொழிகளும் பிரெஞ்சும் படிக்க நாங்கள் சேர்ந்த வருடம், முதல் வகுப்பில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். ஆசிரியைதான் என்று நினைத்துப் பேச்சை நிறுத்தினோம். அவரோ கடைசி வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவத் தொடங்கினார். அவர்தான் கொரான்தீன். துவார்னெனே துறைமுகத்து மத்தி மீன் தொழிற்சாலையில் இளமை முழுவதும் மீன் சுத்தம் செய்தவர். கணவர் இறந்த பிறகு, பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களுக்கான நுழைவுத் தேர்வை எழுதி வந்திருந்தார். விடுதியில் என் அடுத்த அறை அவருடையது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் எங்கள் எல்லோருக்கும் அத்தையாகிவிட்டார்.

அந்தக் கடலோரத்துப் பழைய மொழியான பிரெத்தோன் அவருடைய தாய்மொழி. எங்களில் பலர் அதைப் புத்தகத்தில் கற்று வந்தவர்கள். அதனால் அவர்தான் முதலில் வருவார் என்று எல்லோரும் நம்பினோம். முதல் பரீட்சைத் தாள் வந்தபோது அதில் அவர் எழுதிய மையைவிடத் திருத்திய சிவப்புதான் அதிகம். தம் துறைமுகத்தில் பேசுவதை அப்படியே காதால் கேட்டபடி எழுதியிருந்தார். ஆசிரியை கெரியேன் அம்மையார் நல்லவர். உங்கள் பேச்சில் பிழையே இல்லை, எழுத்துக்குத்தான் பொது முறை ஒன்று இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார்.

"அம்பது வருஷமா பேசிட்டுத்தான் இருக்கேன். எனக்கு எழுத வராதுன்னு இந்தப் பாஷைக்குத் தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சு போச்சு," என்றார் அத்தை. வகுப்பே சிரித்தது.

பிரெஞ்சில் மட்டும் அவருக்கு நல்ல மதிப்பெண். அது எனக்குப் புதிராக இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், விடுதிச் சமையலறையில் கோதுமையும் பாலுமாக மெல்லிய தோசை வார்த்துக்கொண்டே அவரே காரணத்தைச் சொன்னார்.

மகன் ரெமி பள்ளியில் சேர்ந்தபோது டீச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினாராம். வீட்டில் பிரெத்தோன் பேசினால் பையன் மக்காகி, அப்பாவைப் போலப் படகில்தான் போய் விழுவான். இனி அவனோடு பிரெஞ்சு மட்டும்தான் பேச வேண்டும் என்றாராம். அத்தைக்கு அன்று தெரிந்த பிரெஞ்செல்லாம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் வாயிலிருந்து வந்தது. வா, போ, சீக்கிரம், கையைக் கழுவு, போதும். அந்தச் சொற்களை வைத்துத்தான் ஒரு பிள்ளையை வளர்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பிரெத்தோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். பையன் உள்ளே வந்தால் வாயை மூடிக்கொள்வார். பிறகு ரேடியோ கேட்டு, பழைய பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து, பிரெஞ்சு நாவில் படிந்தபோது ரெமி படித்து முடித்து நாந்த் நகரில் ரயில்வே பொறியாளராகியிருந்தான்.

"அவன்கிட்ட பேசறதுக்குன்னே கத்துக்கிட்டேன்டி," என்றார். "கத்து முடிச்சப்போ அவன் ஊர்ல இல்ல."

மூன்றாம் ஆண்டு முடிவில் வாய்மொழித் தேர்வு. தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றை முதலில் பிரெத்தோனிலும் பிறகு பிரெஞ்சிலும் சொல்ல வேண்டும். வீட்டாரும் வந்து கேட்கலாம். ரெமி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

ரெமி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்ட ஒரு நாளை அத்தை முதலில் பிரெத்தோனில் சொன்னார். புயலில் பேருந்து ஓடவில்லை. மத்தி ஏற்றிப் போன லாரியில், பெட்டிகளுக்கு நடுவே, பிள்ளையை மார்போடு அணைத்துக் கொண்டு டாக்டரிடம் போனார். காய்ச்சலைப் பார்ப்பதற்கு முன் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டதைச் சொன்னபோது அறை குலுங்கிச் சிரித்தது. வழியெல்லாம் பிள்ளையின் காதில் தாம் சொன்னதைச் சொன்னபோது கெரியேன் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயதிலேயே அந்த மொழி மறந்துபோன ரெமி மட்டும் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்தபடி, சிரிப்பவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையே பிரெஞ்சில் சொன்னபோது ஒரு பிழை இல்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. காதில் சொன்னதை அத்தை விட்டுவிட்டார்.

தேர்வு முடிந்ததும் வெளியே தாழ்வாரத்தில் அம்மாவோடும் மகனோடும் நானும் நின்றேன்.

"நான் வீட்டுக்குள்ள வந்தா நீ பேச்ச நிறுத்திடுவியேம்மா," என்றார் ரெமி. "என்னை உனக்குப் பிடிக்காதுன்னே நெனச்சு வளர்ந்தேன்."

அத்தை சுவரில் கை ஊன்றிக்கொண்டார். "உனக்கு நல்லதுன்னு சொன்னாங்கப்பா. நம்பிட்டேன்."

"தெரியுது. இப்பத்தான் தெரியுது."

இனியாவது கற்றுத்தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வா என்று அத்தை கேட்டார். வேலை, குடும்பம், தூரம் என்று ரெமி மென்மையாகச் சொன்னார். அதில் பொய் இல்லை. அம்மாவைச் சாப்பிட அழைத்துப் போனார். ஊருக்கு ரயில் ஏறும்போது அவரைக் கட்டிக்கொண்டார். அத்தைக்குப் பட்டம் வந்தது, பிரெத்தோனில் தேறியவர்களில் கடைசியாக. துவார்னெனேயில் பிரெத்தோன் மாலை வகுப்பு தொடங்கி, யார் யார் பிள்ளைகளுக்கோ பல வருடம் சொல்லிக்கொடுத்தார். ரெமி வாரந்தோறும் போன் செய்வார். மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் நல்ல பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள்.

ஒரு மார்கழியில் அத்தை இறந்தார். அடக்கத்தன்று தேவாலயத்தில் எல்லோரும் பிரெத்தோனில் பாடினோம். பாட்டு அச்சிட்ட தாளைப் பிடித்தபடி ரெமி என் பக்கத்தில் நின்றார். பாதியில் என் பக்கம் குனிந்து, ஒரு வரியை விரலால் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். "வீடு வந்தாச்சு, கதவைத் திறன்னு சொல்றாங்க," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மிச்சப் பாட்டையும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.