ரத்தத்தில் ஒன்றுமில்லை

டொரத்தி தொழிற்சாலைச் சீருடையை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார். பொத்தான்களையெல்லாம் மாலையிலேயே போட்டுவிடுவார். காலையில் விரல்கள் மடங்காது. அவை வழிக்கு வருவதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். "கசங்குனா கசங்கட்டும் லா, என்னை யாரு பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்பார். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை அவருடையது. கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த சூடான தேநீரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே செனாய் தொழிற்சாலை வரை வருவார். குடிக்க மாட்டார்.

வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. லைன் லீடர் முதல் தேவாலயத்துப் பாதிரியார் வரை யாரையும் விட்டுவைக்க மாட்டார். திட்டும்போதுதான் வலி கொஞ்சம் மறக்கிறதாம்.

கம்பெனி அனுப்பும் கிளினிக்கில் ஒரு டாக்டர் இருக்கிறார். அவரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டொரத்தியின் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார். எண் சரியாகவே இருக்கும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பிளட்ல ஒன்னும் இல்ல. ஸ்ட்ரெஸ்" என்பார். மருத்துவ விடுப்பு கிடையாது. டொரத்தியின் வீங்கிய மணிக்கட்டு அவர் மேசைமேலேயே கிடக்கும்.

வீட்டிலும் யாரும் நம்பவில்லை. கணவர் லெஸ்லியின் அக்கா, "வேலைக்குப் போனாத்தான் இவளுக்கு வலிக்கும், ஷாப்பிங் போனா வலிக்காது" என்று சொந்தபந்தங்களுக்கு முன்னால் சிரிப்பார்.

கடைசியில் ஜொகூர் பாருவில் ஒரு மூட்டு மருத்துவர்தான் டொரத்தியின் விரல்களைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். சிலருக்கு மரபணுவின் வாகால், உள்ளே அழற்சி கொதித்தாலும் ரத்தத்தில் அந்த எண் ஏறுவதில்லையாம். நோய்க்கு இடம் கொடுக்கும் வாகும் பிள்ளைகளுக்கு இறங்கலாமாம். கட்டாயம் வரும் என்றில்லை. வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் விரல்களைக் காப்பாற்றலாம்.

மறுநாள் பஸ்ஸில், "நடிக்கிறேன்னு சொன்னாங்களே, பாவிங்க!" என்று முன்னிருக்கையை முழங்கையால் இடித்தார். பிறகு குரல் இறங்கியது. "அபிகெயிலுக்கும் காலையில கை வீங்குது. கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரு."

அபிகெயில் அவருடைய ஒரே மகள். அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். லெஸ்லியின் அக்கா குறுக்கே நின்றார். "நிச்சயம் வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்? கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் தெறக்காத."

நோயே இல்லை என்று சிரித்த அதே வாய்! குடும்பத்தில் இறங்கும் என்றதும்தான் அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்ததும் மறைக்கச் சொல்கிறார். லெஸ்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கேட்ட எனக்கே ஆத்திரம் தாங்கவில்லை. "மம்மி, ப்ளீஸ் லா, இப்ப வேணாம்" என்று மகளே கெஞ்சியதால் டொரத்தி பல்லைக் கடித்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை நிச்சயதார்த்தம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை டெஸ்மண்ட் மோதிரத்தைப் போட்டான். அது விரல் மூட்டில் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே அழுத்தினான். அபிகெயில் உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"அலமாக், பொண்ணு வெயிட் போட்டுட்டா! யாராச்சும் சோப்புத் தண்ணி கொண்டாங்க" என்றார் லெஸ்லியின் அக்கா. கூட்டம் சிரித்தது.

டொரத்தி எழுந்து போனார். மோதிரத்தை மெல்லக் கழற்றி டெஸ்மண்டின் கையில் கொடுத்தார். மகளின் கையைப் பிடித்து, மாப்பிள்ளையின் அம்மா மடியில் விரித்து வைத்தார். அதன் பக்கத்தில், அதேபோல் வீங்கிய தன் கையையும் வைத்தார்.