பட்டப்பகலில் வந்த பன்றி

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவோடு கோவைத் தாலுகா கச்சேரிக்குப் போயிருந்தேன்... துப்பாக்கியைக் காட்டிவிட்டு வர.

பயப்பட வேண்டாம். வருஷா வருஷம் நடப்பதுதான். துடியலூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். நிலக்கடலை முற்றுகிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். அவற்றை விரட்டுவதற்காக அப்பாவுக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கிக்குச் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. வருஷக் கடைசியில் துப்பாக்கியையும் காகிதத்தையும் கொண்டுபோய்ப் புதுப்பித்து வர வேண்டும்.

கச்சேரி வாசலில் துப்பாக்கிக்காரர்கள் கூட்டம். ஒருவர் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், இன்னொருவர் சாக்கில். ஒருவர் மட்டும் ஜரிகைத் துண்டு போர்த்தி, மாப்பிள்ளையை அழைத்து வந்ததுபோல் நின்றார்.

கிளார்க் என்னைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு மாதிரி தெரியுது. இந்த நிபந்தனைகளை இவங்களுக்குத் தமிழ்ல சொல்லும்மா. எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

சொன்னேன். லைசென்ஸில் பேர் உள்ளவர்தான் துப்பாக்கியைத் தூக்கலாம். குறித்திருக்கிற எல்லையைத் தாண்டக் கூடாது. வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். சந்தைக்கோ சாமி ஊர்வலத்துக்கோ, ஜனம் கூடுகிற வேறு எந்த இடத்துக்கோ கொண்டுபோகக் கூடாது.

பெரிய மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "ஏனுங் அம்மணி... கண்ணாலத்துக்குங்?" கல்யாணத்துக்குக் கொண்டுபோகலாமா என்கிறார்.

பக்கத்தில் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். எனக்கா தெரியாது, அவர் எதை நினைத்துக்கொண்டார் என்று?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை எத்தனை தடவைதான் எழுதுவாய் என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். இன்னும் எழுதுவேன்.

நான் சிறுமியாக இருந்தபோது அந்தத் துப்பாக்கி எங்கள் தானிய அறையில் இருக்கும். சாவி அம்மாவின் இடுப்பில். வெடிமருந்து டப்பா அடுப்புக்கு எட்டாத தூரத்தில், வேறொரு மூலையில். அப்பா அதை எடுத்துத் துடைக்கிற நாளில் நல்லெண்ணெயும் கருமருந்தும் கலந்து ஒரு வாசம் வீடு முழுக்கப் பரவும். இன்றைக்கும் தீபாவளி வெடி வாசம் வந்தால் எனக்குப் பலகாரம் நினைவுக்கு வருவதில்லை. துணியைக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுக்கிற அப்பாதான் வருகிறார்.

ஆனால் அந்தத் துப்பாக்கிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை பன்றிகள் அல்ல. கல்யாணங்கள்!

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? பெண்ணின் மாமன் சீர்த்தட்டுகளோடு ஊர் எல்லைக்கு வந்து நிற்பார். பெண் வீட்டார் மேளத்தோடு போய் அழைத்து வருவார்கள். எங்கள் அப்பா எல்லையில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் மாமன் வந்தாயிற்று என்று அர்த்தம். மூத்த அத்தைகள் இருவர் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்ட கடைசி அத்தை தன் பெண்ணின் முறைக்காகக் காத்திருந்தாள்.

அந்த முறையும் வந்தது. கூடவே எனக்கு இங்கிலீஷும் வந்திருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் அப்பா துப்பாக்கியைத் துடைத்து வைத்தார். நான் லைசென்ஸ் காகிதத்தை விரித்து உரக்கப் படித்தேன். பெருமைக்குத்தான், வேறென்ன? ஒரு நீளமான வார்த்தைக்கு மட்டும் அகராதி பார்த்தேன். ஜனக்கூட்டம் என்று போட்டிருந்தது.

"அப்பிடியா எழுதியிருக்குது?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா. எல்லை தாண்டியும் கொண்டுபோகக் கூடாதாமுங்க."

அவர் துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "லைசென்சைப் புடுங்கிப்போட்டாங்கன்னா கடலைக்காட்டைப் பன்னிக்கே எழுதி வெச்சர வேண்டியதுதான்" என்று துப்பாக்கியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா பூட்டினாள். "உன்ர அத்தைக்கு நீயே பதில் சொல்லிக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன்தான் படித்துக் காட்டினோமோ என்றாகிவிட்டது எனக்கு. காரணம் இருந்தது. அந்த வருஷம்தான் என்னைக் கோவையில் ஹாஸ்டலில் சேர்த்து ஹைஸ்கூலில் படிக்க வைக்கலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். பொட்டப் பிள்ளைக்கு எதற்கு என்று சொந்தபந்தம் முழுவதும் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சீர் சப்பென்று போனால் பழி யார் மேல் விழும்?

ஊர் எல்லையில் வண்டிகள் நின்றன. மேளத்தோடு வந்த அத்தை, அண்ணனின் கைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

"துப்பாக்கி எங்கீங்கண்ணா?"

"புள்ளை காயிதத்தைப் படிச்சுச் சொல்லிப்போட்டா அம்மணி. கூடாதாமா."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "இதுக்குத்தான் இவளைப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்புனீங்களா? மத்த ரெண்டு அக்காளுக்கும் வெடி. எனக்கு மட்டும் சட்டமா?"

மேளம் நின்றுவிட்டது. "படிச்சது போதும், நிறுத்துங்க மாப்ளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுதுவிடக் கூடாது என்று தட்டிலிருந்த வாழைப்பழங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை வீடும் அதே ஊர்தான். மாப்பிள்ளையின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குண்டான மனிதர், வாய் நிறைய வெற்றிலை. என் முன்னால் குனிந்தார்.

"ஏங்கண்ணு, என்ர ஊட்லயும் ஒரு துப்பாக்கி இருக்குது. பயிர்க்காவலுக்குன்னு குடுத்ததுதான். என்ர சொந்தத் தோட்டத்துல நான் சுடலாமா, கூடாதா?"

"சுடலாமுங்க மாமா. பன்னி வந்தா சுடலாமுங்க."

"பன்னி வந்தா... சரி."

அவர் போய்விட்டார். சாலையை ஒட்டி அவருடைய வாழைத்தோட்டம். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் போயிருக்கும்... வாழைகளுக்குள்ளிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு வெடி! வண்டிமாடுகள் மிரண்டன. கொக்குகள் கூட்டமாக எழும்பின. மேளக்காரர் யாரையும் கேட்காமலே அடிக்க ஆரம்பித்தார்.

புகை வாசத்தோடு திரும்பி வந்தார் சம்பந்தி. "ஒரு பன்னிங்க. நல்ல பெருசு."

"பட்டப்பகல்லீங்களா?" என்றாள் அத்தை.

"அதுக்கென்னுங் தெரியும், பகலு ராத்திரி?"

"எங்கீங்க அது?"

"ஓடிப்போச்சுங்க."

அத்தை சிரித்துவிட்டாள். பெண்ணின் மாமனுக்கு மாப்பிள்ளை வீட்டார் வெடி போட்டு வரவேற்றது அந்த ஊரில் அதுவே முதல் தடவை. அக்காமார் இருவருக்கும் கிடைக்காத கௌரவம் அல்லவா? அதைச் சொல்லிக் காட்ட அவளுக்கு அன்றைக்கு நாள் போதவில்லை.

பந்தியில் சம்பந்தி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "புள்ளையோட படிப்பை நிறுத்திப்போடாதீங்க சம்பந்தி. அடுத்தாப்புல என்ர காயிதத்தையும் படிச்சுச் சொல்லோணுமல்லொ" என்றார். அப்பா தலையை ஆட்டினார். கோடை முடிந்ததும் என் தகரப் பெட்டி கோவை பஸ்ஸில் ஏறியது.

அந்தச் சம்பந்தி இப்போது இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வாழைத்தோட்டத்தைத் தாண்டுகையில் என் காது தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. சட்டத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அதற்குள் ஒரு சந்தோஷத்துக்கும் இடம் பார்த்துக் கொடுத்தவர் அவர்.

சரி, கச்சேரியில் மீசைக்காரரை நிறுத்திவிட்டு வந்துவிட்டேனே. "கண்ணாலத்துக்குங்?" என்று அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"உங்க தோட்டம் கண்ணால ஊட்டுக்குப் பக்கத்துல இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அப்பொப் பன்னி வருமுங்க."