பூஜையிலிருந்து எடுத்த லேப்டாப்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை போடும்வரை யாரும் தொட மாட்டோம். அரிவாள்மணைக்கும் அதே சட்டம்தான். அதனால் என் மனைவி காய்களை முன்கூட்டியே நறுக்கி வைத்துவிடுவாள். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் காபித்தூள் அரைத்து விற்கிற கடை எனக்கு. லீவுக் கூட்டம் எவ்வளவு வந்தாலும் பூஜை போட்ட பிறகு மெஷின் ஓடாது. கேட்டு வருகிறவர்களிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம் கடைத் தராசு, ஸ்பேனர்கள், கத்திகளோடு மருமகளின் லேப்டாப்பும் பூஜையில் இருந்தது. அவளேதான் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். நான் மூடியின்மேல் சந்தனம் வைத்தபோது, "ஓட்டைக்குள்ள போயிராமப் பாத்து வைங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

மருமகள் சேலத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு எங்கள் மாடி அறையிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். முடிவு சொல்ல வேண்டிய மாதம் அது. நிரந்தரம் ஆகாவிட்டால் அவள் பெங்களூரு போய்த்தான் வேறு வேலை தேட வேண்டும். மகனும் எஸ்டேட் ஜீப் ஓட்டுவதை விட்டுவிட்டுக் கூடவே போய்விடுவான். நானும் என் மனைவியும் அதை நினைத்துக்கொண்டிருந்தோமே தவிர ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

மகன் எஸ்டேட் பூஜைக்குப் போயிருந்தான். வீட்டில் தீபாராதனை முடிந்து பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தோம். மருமகளின் போனில் ஏதோ செய்தி வந்தது. படித்தவள் அப்படியே சாமி அறை வாசலில் நின்றுவிட்டாள்.

"என்ன கண்ணு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிச் சுருங்கிக் கெடக்குது?" என்றாள் என் மனைவி. "பொரி கையிலயே நமுத்துப் போகுது பாரு."

அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. "நேத்து நான் ஒண்ணை மாத்தி அனுப்புனேனுங்க. அதுல ஏதோ தப்பாயிருக்குது. அதை எடுத்துக்கிட்டவங்க யாருக்கும் கம்பைலர் கட்டவே முடியலியாம். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா நான் மாத்துனதை அவங்களே பிடுங்கி எறிஞ்சுருவாங்க. முடிவு சொல்ற மாசத்துல இப்படி ஆயிப்போச்சுங்க."

கம்பைலர் என்றால் என்ன என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கேட்டேன்.

"நாம எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கறதுங்க மாமா. எல்லாரும் வேலை செய்யறதுக்கு அதுதான் ஆயுதம். அந்த ஆயுதத்தையே கட்டி, சோதிச்சு, பராமரிக்கறதுக்கு ஒரு டூல் இருக்குது. அது அந்த லேப்டாப்புலதான் இருக்குதுங்க."

அவள் கண் சாமி அறைக்குள் போய்ப் போய் வந்தது. எடுக்கட்டுமா என்று வாய்திறந்து கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில பண்ணக் கூடாதா கண்ணு?" என்றாள் மனைவி.

"அவங்களுக்கு இன்னிக்கு லீவு இல்லீங்களே அத்தை."

"ஏனுங்க, பூஜையில வெச்சதை எடுத்தா சாமி குத்தம் ஆயிராதுங்களா?" என்று மனைவி என்னைப் பார்த்தாள்.

எனக்கும் பயம்தான். என் அப்பா காலத்திலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. தீபம் எரிந்துகொண்டிருந்தது, தராசின்மேல் செவ்வந்திப் பூ. அந்தத் தராசைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது என்று சொல்ல வேண்டும்.

"பழுதான ஆயுதத்துக்கு யாராச்சும் பூஜை போடுவாங்களா?" என்றேன்.

"இதென்னங்க புதுச் சட்டம்?"

"எதுக்குப் புதுசு? முள் சரியா நிக்கலைன்னு போன வாரம் இந்தத் தராசை சேலத்துக்குத் தூக்கிட்டு அலைஞ்சேனே, எதுக்கு? பழுது பார்த்துத்தானே வைக்கறோம்? அந்தப் புள்ளையோட ஆயுதம் பழுதுன்னு இப்பத்தானே தெரியுது."

மனைவி சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப நீங்களே எடுத்துக் கொடுங்க. பாவம் வந்தா உங்களுக்கு வரட்டும். அந்தப் புள்ள தலையில வேண்டாம்."

எங்கள் மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிட்டு, "அப்பா, இது அகங்காரத்துல செய்யல" என்று சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று பேரும் மாடி அறைக்குப் போனோம். தப்பு எங்கே என்பதை மருமகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். திருத்துவதற்குக் கொஞ்சம்தான் வேலை. கட்டிப் பார்ப்பதுதான் நேரம் பிடிக்குமாம். பழைய கம்பைலரை வைத்துப் புதியதைச் செய்து, அந்தப் புதியதை வைத்து அதையே மறுபடி செய்து பார்க்குமாம் அந்த டூல்.

"தயிருக்கு உறை ஊத்தற மாதிரியா?" என்றாள் மனைவி.

"அதேதானுங்க அத்தை!" அந்த மத்தியானத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பாதி ஓடியதும் திரையில் சிவப்பு எழுத்தாகக் கொட்டி நின்றுவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தாள். "நேத்து கட்டினதுல மிச்சம் மீதி உள்ளேயே கெடக்குதுங்க. புதுசோட கலந்துருச்சு."

இது எனக்குப் புரிந்தது. சிக்கரி கலந்து அரைத்த பிறகு யாராவது தனிக் காபி கேட்டால், மெஷினைத் தட்டிக் காலி செய்யாமல் அரைக்க முடியாது. அதைச் சொன்னேன்.

"தட்டிக் காலி பண்றதுக்கும் இந்த டூல்லயே வழி இருக்குதுங்க மாமா. ஆனா மொதல்ல இருந்து ஓடணும்." எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கட்டளையை மறுபடி எழுதி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இந்தத் தடவை நீங்க தட்டுங்க மாமா."

"நானா? நான் எட்டாவதோட நின்னவன், கண்ணு."

"ஒரே ஒரு பட்டன்தானுங்க. சாமி பேரைச் சொல்லித் தட்டுங்க."

தட்டினேன். எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறத் தொடங்கின. லேப்டாப் எங்கள் கடை மெஷின்போல இரைந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி சில்வர் ஓக் மரங்களையெல்லாம் மறைத்துக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று எனக்கு ஒரே வேண்டுதல். மனைவி உட்காரவே இல்லை. அறை வாசற்படியில் நின்றுகொண்டு, "நிக்குதா, ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஓடுதுங்க அத்தை."

கட்டி முடித்துச் சோதனைக்குப் போனது. சோதனை எண்கள் ஏறிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றன. ஆனால் இந்த முறை பச்சை. மருமகள் உடனே திருத்தத்தை அனுப்பினாள். காத்திருந்தோம். பதில் வந்ததும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் பயந்துபோனேன்.

"என்ன சொல்றாங்க சாமி?"

"எல்லாருக்கும் கட்டுதாமுங்க மாமா. நான் மாத்துனதை எடுக்கலைங்க, அப்படியே இருக்குது."

அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். மருமகள் மாடியிலிருந்து ஓடி வந்து சொன்னபோது என் மனைவி அடுப்படியில் இருந்தாள். அவளுக்குச் சந்தோஷப்படவே தெரியவில்லை. கரண்டியும் கையுமாக வந்து, "அப்ப பெங்களூருக்கு யாரும் போகலைல்ல?" என்றாள்.

"இல்லீங்க அத்தை."

"அவனும் போகலைல்ல?"

"இல்லீங்க."

"நொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பியவள், அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் போய் அடுப்பைச் சின்னதாக்கினேன்.