போன் தொங்கும் கம்பம்

எங்கள் தோட்டத்து அம்புரோஸ் அண்ணனுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. முட்டை விலை ஏறினால் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார். இறங்கினால் அதைவிடப் பெரிய காரணம் வைத்திருப்பார். எங்கள் மலையில் லெம்பா பெர்த்தாமில் விளையும் முட்டைக்கோஸ் கோலாலம்பூரில் மலிவாகவும் பக்கத்தில் இருக்கும் பிரிஞ்சாங் சந்தையில் விலை கூடுதலாகவும் இருப்பது ஏன் என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் போதும். கையில் இருக்கும் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும், அவர் வாய் மூடாது. நான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருப்பவள். கடை வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு வைத்தேன். அது அவருடைய நாடாளுமன்றம் ஆகிவிட்டது.

அவர் இந்த லயத்தில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வாலிப வயதிலிருந்து இயந்திரங்களோடுதான் வாழ்க்கை. கோபமும் இயந்திரங்கள் மேல்தான், அதிலும் கைப்பேசிக்குள் இருக்கும் இயந்திரங்கள் மேல்.

"விக்கி, தங்கச்சி, நீயே சொல்லு. மிஷினு கெட்டா தொறந்து பாக்கலாம். இந்த ஆப்பு கெட்டா எங்க போயி தொறக்கறது? கம்பனிக்கி போன் போட்டா ஒரு பொண்ணு பேசுது. ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குங்குது. அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சதுதான் மிச்சம், மனுசன் வரமாட்டேங்குறான்லா!"

"மனுசன் வந்தா மட்டும் நீங்க பேச வுடுவீங்களா?" என்பேன். சிரித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். வாரக் கடைசியில் மலை ஏறி வரும் காடிகளின், அதாவது கார்களின், நெரிசல், டவுனில் காடி நிறுத்துவதற்குக்கூட ஆப் கேட்கும் அநியாயம், இணையத்தில் வாங்கிய சுடுதண்ணீர்க் கெண்டி ஒரே வாரத்தில் புகைந்த கதை, எல்லாம் வரிசையாக வரும். பாதிக்கு மேல் நியாயம்தான். நியாயம் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு தொல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் மகன் எட்ரியனுக்கும் தெரியும். பையன் கோலாலம்பூருக்குப் போய் மோட்டர் சைக்கிளில் சாப்பாடு கொண்டு கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். விடுமுறைக்கு வந்தவனை என் கடை பெஞ்சில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒன் மொதலாளி யாருடா, போனா? விழுந்தா எவன் தூக்குவான்? ஈ.பி.எப். உண்டா, ஆஸ்பத்திரி உண்டா? பையன் ஒரு கட்டத்தில் எழுந்து, "நான் விழுந்தா ஒங்ககிட்ட வரமாட்டேன், போதுமா?" என்றான்.

"வராத. கஷ்டம்னு எனக்கு போனும் போடாத" என்றார் இவர்.

அவ்வளவுதான். அன்றைக்கே பஸ் ஏறிப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய பழைய நம்பரும் கொஞ்ச நாளில் செத்துப்போனது. இரண்டு கிறிஸ்மஸ் போய்விட்டது. அவன் அம்மா அற்புதம்மாள் ஜெபமாலையை எடுத்தால் கீழே வைப்பதில்லை. அம்புரோஸ் அண்ணன் பையன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். உலக விஷயம் மட்டும் முன்பைவிட இரண்டு பங்கு பேசினார்.

போன மழைக்காலத்தில் மண் சரிந்து, மேட்டில் இருந்த கைப்பேசிக் கோபுரம் சாய்ந்தது. அதிலிருந்து லயத்தில் சிக்னல் இல்லை. கூடிய விரைவில் சரிசெய்வோம் என்று கம்பனி செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியைப் படிப்பதற்கே சாலையோரம் மாதா சிலைக் குகை இருக்கும் மாதா கெபி வளைவு வரை ஏறிப் போக வேண்டும், அங்கே மட்டும்தான் சிக்னல் எட்டும்.

அம்புரோஸ் அண்ணன் அந்த வளைவில் ஒரு கம்பம் நட்டார். உச்சியில் தகரக் கூரை, சுற்றிலும் ஆணிகள். வேலைக்குப் போகும் ஜனங்கள் போனை ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். மணி அடித்தால் அந்தப் பக்கமாக யார் போகிறார்களோ அவர்கள் எடுத்து, அது யார் ஆணியோ அவர் பெயரைச் சொல்லி, "அம்புரோஸ் வூட்டு போன், சொல்லுங்க" என்பதுபோல் பேசிவிட்டுச் சேதியை வீட்டில் சேர்ப்பார்கள். யார் போனை யார் எடுத்தாலும் தப்பில்லை. முக்கால்வாசி எடுப்பது சரோஜா அக்கா. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், அந்தக் கம்பத்தடியில் கீரைக்கட்டு விற்கிறார்.

"ஊருக்காக நட்டேன்லா" என்பார் அம்புரோஸ் அண்ணன். ஆனால் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து போனை எடுக்கும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு, "எதாச்சும் வந்துச்சா அக்கா?" என்று கேட்பார். எது வந்ததா என்று கேட்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சரோஜா அக்கா உதட்டைப் பிதுக்குவார். இவர் உடனே டீசல் விலைக்குத் தாவிவிடுவார்.

இந்த லட்சணத்தில் மோசடிக்காரர்கள் வேறு. எங்கள் லயத்தில் ஒருவர், போலீஸ் பேசுகிறது என்று நம்பிச் சேமிப்பை எல்லாம் தொலைத்துவிட்டு நின்றார். அம்புரோஸ் அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கம்பத்தடியில் வகுப்பு எடுத்தார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன்.

"தெரியாத நம்பரா, பேச்ச வளக்காத. என்னைக் கேட்டா, அம்புரோஸ் செத்துட்டாருன்னு சொல்லிரு. செத்தவன்கிட்ட எவனும் காசு கேக்கமாட்டான். அப்பறம் நம்பர பிளாக் பண்ணு." எப்படி பிளாக் செய்வது என்று ஒவ்வொருவர் கையிலும் போனைக் கொடுத்துக் காட்டினார். "இன்னொன்னு கேட்டுக்க. இப்ப கம்ப்யூட்டரு நம்ம புள்ளைங்க கொரலையே செஞ்சி பேசுது. அப்பா, நான்தான், நம்பர் மாறிருச்சி, கஷ்டத்துல இருக்கேன்னு அழுவும். அசல் கொரலா இருக்கும். நம்பிறாத."

சரோஜா அக்கா கையைத் தூக்கினார். "நெசமாவே புள்ள பேசினா?"

"புள்ளைங்க எங்கக்கா பேசுதுங்க?" என்றார் அம்புரோஸ் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வகுப்பு முடிந்து சில வாரம் இருக்கும். ஷிப்ட் முடிந்து அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தேநீர் கலந்து கொடுத்தேன். கோழி விலையைத் தொடங்கியிருந்தார். அப்போது சரோஜா அக்கா, அவருடைய போனை ரொட்டிப் பையோடு தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். முகமெல்லாம் பெருமை.

"அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே! நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சி. காலையில ஒருத்தன் போன் போட்டான். அப்பா இருக்காங்களா, நம்பர் மாறிருச்சி, கொஞ்சம் கஷ்டம்னான். கொரலு இருக்கே, அப்படியே நம்ம எட்ரியன் கொரலுண்ணே! அந்த இழுத்து இழுத்துப் பேசறது கூட மாறல. அசந்துட்டேன். என்னமா செய்யறானுங்க!"

அம்புரோஸ் அண்ணன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன?" என்றார்.

"நீங்க சொன்னதத்தான். அம்புரோஸ் செத்துட்டாரு, அடக்கமும் ஆயிருச்சி, வை போனன்னு சொல்லி பிளாக் பண்ணிட்டேன். சத்தமே இல்லண்ணே அந்தப் பக்கம். வாயடைச்சிப் போயிட்டான்."

 சரோஜா அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் சிரிப்பு வற்றியது. "ஐயோ, அம்மா தாயே" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, அம்புரோஸ் அண்ணனோடு சிக்னல் எட்டும் வளைவுக்கு ஓடினேன்.  பிளாக் செய்ய ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனிதருக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. நான்தான் வாங்கி எடுத்துவிட்டு, காலையில் வந்த நம்பரை அமுக்கி, சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன்.

எடுத்தது எட்ரியன் இல்லை. பின்னால் ரொட்டி தட்டும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க, என் நம்பருதான்" என்றது குரல். "நான் கோலாலம்பூர்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். காலையில ஒரு பையன் வாங்கிப் பேசினான், இங்க சாப்பாடு எடுக்க வர்ற பையன். மோட்டர்லேர்ந்து விழுந்து மூஞ்செல்லாம் வீங்கிக் கெடக்குங்க. வேல ஆரம்பிக்க ஆப்புல மூஞ்சியக் காட்டணுமாம். காட்னா, நீ அவன் இல்லன்னு சொல்லிச் சாத்திருச்சாம். கம்பனிக்கி எத்தன வாட்டி எழுதிப் போட்டும் பதில் இல்ல. வாடகை கட்ட போனையும் வித்துட்டான். மனப்பாடமா இருக்கறது ஒரே நம்பருதான்னு சொல்லி எங்கிட்ட வாங்கினான்."

சின்ன வயதில் அந்த நம்பரை அவனுக்கு மனப்பாடம் செய்துவைத்தவர் அம்புரோஸ் அண்ணன்தான். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாவங்க. போட்ட எடத்துல அவங்கப்பா செத்துட்டாருன்னு சொல்லிட்டாங்களாம். ரொம்ப நேரம் நாற்காலியிலயே உக்காந்திருந்தான். அப்பறம் நான்தான் ஊருக்கு பஸ் ஏத்தி விட்டேன். இந்நேரம் வந்திருப்பானே. நீங்க யாருங்க, சொந்தமா?"

அம்புரோஸ் அண்ணன் போன் பக்கம் குனிந்தார்.

"ஆமாங்க" என்றார். "சொந்தந்தான்."

வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல் போனை நான்தான் வைத்தேன். "அற்புதத்துக்கிட்ட சொல்லாத, மொதல்ல அவனப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். என் பழைய காடியை எடுத்தேன். அவர் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். தானா ராத்தா பஸ் நிலையத்துக்குப் போவதாகத்தான் எண்ணம். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்துச் சாலை பெரிய ரோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. காய்கறி லோரி எதிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கி நடக்கிறவனுக்கு, வீட்டுக்கு முன்னால் அதுதான் வரும். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே ஓர் ஆள், புது மண்மேட்டின் முன்னால் குந்தியிருந்தது தெரிந்தது. போன மாதம் நாங்கள் அடக்கம் செய்த லயத்துக்காரர் சவரிமுத்துவின் மேடு. சிலுவையில் இன்னும் பெயர் எழுதவில்லை. அந்த மேட்டின் மேல் மஞ்சள் செவ்வந்திக் கட்டு ஒன்று கிடந்தது. குந்தியிருந்தவன் தோள் குலுங்கியது.

காடி நிற்பதற்குள் அம்புரோஸ் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். கல்லறை வாசல் வரை ஓடியவர் அங்கேயே நின்றார். கூப்பிட வாயெடுக்கிறார், வரவில்லை. எதைப் பற்றியும் எந்நேரமும் பேசுகிற மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடுவதை நான் பார்த்தேன். கடைசியில் வந்தது.

"எட்ரியா... அது நான் இல்லடா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவன் திரும்பினான். இடது பக்கம் முழுக்க வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது.

அவன் எழுந்து நின்றான். ஓடி வரவில்லை.

"சரோஜா பெரியம்மா சொன்னாங்க" என்றான்.

"தெரியும்."

"நீங்கதான் சொல்லச் சொன்னீங்களா?"

மோசடிக்காரன், கம்ப்யூட்டர் குரல், சாய்ந்த கோபுரம், பதில் சொல்லாத கம்பனி என்று அவரிடம் பத்துக் காரணம் இருந்தது. எல்லாமே நியாயமான காரணம். அவர் ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஆமாண்டா. யாரு போட்டாலும் சொல்லச் சொன்னேன். நீ போடுவன்னு நான் நெனைக்கல."

எட்ரியன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கஷ்டம்னா போன் போடாதன்னீங்க. பஸ்ல வர்றப்ப அதத்தான் நெனச்சிக்கிட்டே வந்தேன். அந்தச் சொல்ல வாபஸ் வாங்காமலே போயிட்டீங்களேன்னு."

அம்புரோஸ் அண்ணன் அவன் வீங்கிய கன்னத்தைத் தொடக் கையைக் கொண்டுபோய், வலிக்குமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வாங்கிக்கிறேண்டா. இந்தா விக்கி நிக்கிறா. அவ கடையிலதான சொன்னேன். அவளே சாட்சி."

அவன் பூவைச் சவரிமுத்துவுக்கே விட்டுவிட்டு வந்து, அப்பாவோடு பின்னால் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்புரோஸ் அண்ணன் தனியாகப் பின்னால் ஏறினார். மலை ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன், அவர் பையனின் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாதா கெபி வளைவில் காடியின் விளக்கு கம்பத்தின் மேல் விழுந்தது. தகரக் கூரைக்குக் கீழே ரொட்டிப் பைகள் ஆடிக்கொண்டிருந்தன. எட்ரியன் அதை முன்பு பார்த்ததில்லை.

"என்ன இது?" என்றான் பொதுவாக.

ஊருக்காக நட்டது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். 

"நீ கூப்ட்டா கேக்கணும்லடா" என்றார்.