இடுப்புத் தண்ணியில் நின்ற படகு

எங்கள் பெரியம்மா ரங்கம்மாள் இறால் பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. ஏரிக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி எடுப்பாள். எடுத்ததைப் போட ஓலைப் பறி. ரெண்டு கையும் சேற்றில் இருந்தால் பறியை எங்கே வைப்பது? பல்லால் கடித்துக்கொள்வோம். அதனால் தண்ணிக்குள் எங்கள் சனம் பேசாது. வாயைத் திறந்தால் அன்றைய சோறு ஏரியோடு போச்சு.

பழவேற்காட்டில் உலாந்தாக்காரன், அதான் டச்சுக்காரன், கோட்டை இருந்த காலம். எங்கள் துறையில் சுங்கம் வாங்க ஒருத்தன் குத்தகை எடுத்திருந்தான். வசூலுக்கு அவன் ஆள் சுப்பன். கரை தட்டின படகுக்குப் பத்தில் ஒரு பங்கு சரக்கு, எங்கள் பறிக்கு ஒரு கை இறால். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் மண் அடைத்தால் வெட்டிவிடுகிற ஆட்களுக்கு அதிலிருந்துதான் கூலி. நாங்களும் முணுமுணுக்காமல் கொடுத்தோம்.

கருவாட்டு வியாபாரி தாமோதரனுக்கு நாலு படகு. யார் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒருநாள் முதல் அவர் படகுகள் கரைக்கே வரவில்லை. இடுப்புத் தண்ணியில் நிற்கும். ஆட்கள் மூட்டையைத் தலையில் சுமந்து கிடங்கில் இறக்குவார்கள். படகு கரை தட்டவில்லை, அதனால் சுங்கம் இல்லை. சட்டப்படி சரியாம்!

குத்தகைக்காரன் நஷ்டப்படுவானா? துண்டு விழுந்ததை எங்கள் தலையில் வைத்தான்.

“இனிமே பறிக்கு ரெண்டு கை” என்றான் சுப்பன்.

பெரியப்பா பாம்பு தீண்டிச் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூணு பிள்ளைகள். அந்த ரெண்டாவது கைதான் அதுகளுக்குக் குழம்பு.

“இன்னா சுப்பண்ணே, ரெண்டாவது கை யாரோடது?” என்று கேட்டாள் ரங்கம்மாள்.

“உன்னோடதுதாம்மே.”

“இல்ல. அது தாமோதரன் கை. என் பறிக்குள்ள வந்து துழாவுது.”

சுப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அவரு ஒரு தப்பும் பண்ணலியே. சட்டம் அப்படி இருக்குது.”

“முகத்துவாரத்த யாருக்காக வெட்டறீங்க? எனக்கு முழங்கால் தண்ணி போதும். அவரு படகு உள்ள வரத்தானே? வழி அவருக்கு, கூலி நானா?”

“அதெல்லாம் என்னைக் கேக்காத.”

மறுநாள் ரங்கம்மாள் கரை ஏறவில்லை. இடுப்புத் தண்ணியில் போய் நின்றாள். பக்கத்தில் முனியம்மா நின்றாள், அப்புறம் நான். வெயில் ஏறுவதற்குள் பதினெட்டுப் பேர். எல்லார் பல்லிலும் பறி. கரையில் சுப்பன் குதிக்கிறான், “ஏறி வாங்கடி” என்று கத்துகிறான். எங்களுக்குச் சிரிப்பு முட்டுகிறது. சிரித்தால் பறி விழுந்துவிடுமே! இறால் வாங்க வந்தவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணியில் இறங்கி வாங்கிப்போனார்கள்.

விற்று முடித்த பிறகுதான் ரங்கம்மாள் வாயைத் திறந்தாள். “என் பறி கரை தட்டல சுப்பண்ணே. சட்டப்படி சரிதானே?”

“அது படகுக்குச் சொன்னதும்மே, பறிக்கு இல்ல!”

“அப்போ படகு வெச்சிருக்கறவனுக்கு ஒண்ணு, பல்லு வெச்சிருக்கறவளுக்கு ஒண்ணா?”

மூணு நாள் நின்றோம். நாலாம் நாள் குத்தகைக்காரனே வந்து, பழையபடி ஒரு கை போதும் என்றான். ரங்கம்மாள்தான் முதலில் கரை ஏறி, கை நிறைய அள்ளிப் போட்டாள். கொடுக்கக்கூடாது என்று அவள் நிற்கவில்லை, ஆமாம்.

ஆனால் தாமோதரனை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அவர் செய்தால் சாமர்த்தியம். நாங்கள் செய்தால் திமிர். தப்பில்லை தப்பில்லை என்கிறார்களே, தப்பில்லாததெல்லாம் நியாயமாகிவிடுமா? என் வயிறு இன்னும் எரிகிறது.

அந்த வருஷம் மண் வெட்டுகிற கூலிக்குச் சுங்கம் போதவில்லை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. தாமோதரனின் நாலு படகும் கடல் பக்கம் மாட்டிக்கொண்டன. மனிதர் தானே கரைக்கு ஓடிவந்தார்.

“அம்மா ரங்கம்மா! இது ஊர்க் காரியம். எல்லாரும் வந்து ஆளுக்கு நாலு கூடை மண் அள்ளுங்கம்மா!”

ரங்கம்மாள் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணியில் உட்கார்ந்தாள்.