அப்பா வாங்கிய காப்பி மெஷின்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கும் மேலாகக் காப்பி ஃபில்டர் தேடினார்கள். பெண் தேடுகிறவர்கள்கூட அத்தனை படி ஏறி இறங்கியிருக்க மாட்டார்கள். அதுவரை எங்கள் வீட்டுக் காப்பி, கொதிக்கும் தண்ணீரில் தூளைக் கொட்டி, துணியில் வடிகட்டிக் குடிப்பதுதான். யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. திடீரென்று எதற்கு ஃபில்டர் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. அவர் தண்ணீர் விட்டுப் பார்த்துத் தலையசைத்தால்தான் பம்பு வெளியே போகும். அந்த வழக்கத்தோடு பெரிய கடைவீதிப் பாத்திரக்கடைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? பித்தளை ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டைகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்த்தார். அடியில் கசிகிறதா என்று பார்க்க ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, இவர் வாங்குகிறவரா, சோதனை போட வந்த அதிகாரியா என்று தெரியாமல் எழுந்து நின்றுகொண்டார். அம்மா, பித்தளையை யார் தினமும் புளி போட்டுத் தேய்ப்பது என்று ஒரே கேள்வியில் அதை முடித்துவைத்தாள்.

இத்தனையும் ஒரு விருந்தாளிக்காக. தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் அப்பாவின் ஊர். அங்கே ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையனும் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது வரை படித்தவர்கள். எங்கள் தாத்தா அந்தத் தோப்பில் பண்ணையாள். தாத்தாவுக்கு அந்த வீட்டின் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கொட்டாங்குச்சியில்தான் காப்பி ஊற்றுவார்கள். கூடப் போனால் அப்பாவுக்கும் அதே. இதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா ஒருநாள், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னாள்.

நாங்கள் சொந்த வீடு கட்டிக் குடிபோன அன்று அந்த நண்பர் வந்திருந்தார். கேட்டருகே நின்றபடியே ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, “இன்னொரு நாளைக்குச் சாவகாசமா வந்து காப்பி குடிக்கறேன்” என்று சொல்லிப் போய்விட்டார். போகிறபோக்கில் எல்லோரும் சொல்வதுதான். அப்பா அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க வேண்டும். அப்பாவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஐந்தாவது ஞாயிறு ஒரு எவர்சில்வர் ஃபில்டர் சோதனைகளில் எல்லாம் தேறி வீட்டுக்கு வந்தது. தூள் அரைக்கும் கடையில் சிக்கரி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டபோது அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரராகவே ஒரு கணக்கில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை அம்மா போட்ட காப்பியின் வாசம் பக்கத்து வீட்டு அக்காவைக் காம்பவுண்டுச் சுவர்வரை இழுத்து வந்துவிட்டது. அம்மாவே தொடர்ந்து இரண்டு டம்ளர் குடித்தாள். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் டவுன் பஸ். இந்த முறை நூறடி ரோட்டில் மிக்சி, கிரைண்டர் விற்கும் கடை. அங்கே கண்ணாடி ஜாடி வைத்த ஒரு கறுப்பு மெஷினைக் காட்டி அப்பா கேட்டார்: “ஏனுங்க, இதுல கை படாமக் காப்பி வருமுங்களா?”

“கையே வேண்டாமுங்க. தண்ணி ஊத்தித் தூளப் போட்டு சுவிச்சத் தட்டுனீங்கன்னா, அதுபாட்டுக்கு வருமுங்க.”

அப்பா அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வீட்டில் காப்பிக்குள் யார் கையை விடுகிறார்கள்? அம்மா சிரிக்கவில்லை. மிக்சிகளைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “ஏனுங்க, நான் போட்டுக் குடுத்தா என்னங்க?” என்று மட்டும் கேட்டாள். அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஒத்திகை. மெஷின் டிகாக்‌ஷனைத்தான் இறக்கும், பாலைக் கலக்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்து, பால் ஒரு கிண்ணத்தில், சர்க்கரை ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துவிடலாம், அவரே கலந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தார். மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். மூன்று தடவையும் சிங்காநல்லூர்க் குளத்துத் தண்ணீரைச் சுடவைத்த மாதிரிதான் இருந்தது. எவர்சில்வர் ஃபில்டர் அடுப்படியில் சும்மா இருக்க, இதை எதற்கு வாங்கினோம் என்று கேட்டதற்கு அம்மா, “உங்கொப்பனக் கேளு” என்றாள். அப்பாவைக் கேட்டால், “இது சுத்தமுங் கண்ணு” என்றார். அம்மா போடுவது அழுக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பதினோரு மணிக்கு அந்த நண்பர் காரில் வந்து இறங்கினார். “வாங்க அங்கிள்” என்று நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வயதுதான், ஒரே பெஞ்சுதான். ஆனால் அப்பா வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டார், அவர் அப்பாவை நீ என்றார். என் வகுப்பில் நாங்கள் யாரும் அப்படிப் பேசிக்கொள்வதில்லை.

முன்னறையில், அவர் நாற்காலிக்கு எதிரே, ஒரு முக்காலியில் மெஷின். அப்பா சுவிட்சைத் தட்டினார். அது தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு சொட்டு விட்டது. நாங்கள் எல்லோரும் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது தலைக்கு மேலே ஃபேன் நின்றது.

அப்பா ஓடிப்போய் ஃபியூஸைப் பார்த்தார். பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லை. திரும்பி வந்து மெஷினுக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அம்மா ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், காலையில் எவர்சில்வர் ஃபில்டரில் இறக்கி வைத்திருந்த டிகாக்‌ஷனில் காப்பி கலந்து, நுரை பொங்க ஆற்றி, புதுக் கப்பில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வாசம் அறையை நிறைத்தது.

அவர் கப்பைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

“கரண்ட் வரட்டும் அம்மணி. ஒண்ணும் அவசரமில்ல. புதுசா வாங்கிருக்கறீங்க, இதுலயே குடிச்சுப் பாக்கறேன்.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் மெஷினை ஒருவர் இவ்வளவு ஆசையாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போய் நின்று, தண்ணீர் எங்கே ஊற்ற வேண்டும், தூள் எங்கே போட வேண்டும் என்று எல்லாம் விளக்கினேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து அது நனைந்துவிட்டது. அப்பா அதுவரை உட்காரவே இல்லை. கப்பில் ஆடை படிந்தது. அரைமணி நேரம் கழித்து அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு நாளைக்கு வாரேன் என்று சொல்லி எழுந்துகொண்டார். கார் கிளம்பியதும் அம்மா அந்தக் கப்பை எடுத்து, ஆறிப்போன காப்பியை ஆடையோடு நின்றவாக்கில் குடித்து முடித்தாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஃபேன் சுற்றியது. அணைக்க மறந்த மெஷின் மறுபடி செருமியது. “கரண்ட் வந்துருச்சு!” என்று கத்தினேன். இரண்டு பேரும் அசையவில்லை. இவர்களுக்கு என்ன வந்தது, ஆசையாகக் காத்திருந்த மனிதரைக் கூப்பிட வேண்டாமா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. நானே தெருவில் ஓடினேன்.

கார் தெருமுனை பேக்கரி வாசலில் நின்றிருந்தது. அவர் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், கரண்ட் வந்துருச்சுங்க! வாங்க!”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் தெருவில் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு ஒரு தேங்காய் பன்னைக் காகிதத்தில் சுற்றச் சொல்லி என் கையில் கொடுத்தார். “வண்டி வரும் கண்ணு. ஓரமாப் பாத்துப் போ” என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஜாடி நிறையக் கறுப்புக் காப்பி. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. நான் கண்டுபிடித்து வந்த விஷயத்தை மூச்சிரைக்கச் சொன்னேன். “அப்பா, அவருக்குக் காப்பியே புடிக்காதுங்க. டீதான் புடிக்குமாட்டருக்குது. பேக்கரில நின்னு குடிச்சுட்டு இருக்கறாருங்க. நாம டீ மெஷின் வாங்கிருக்கோணும்!”

அம்மா அடுப்படி நிலையில் வந்து நின்றாள். அப்பா மெஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றிவைத்தார். பிறகு அந்த விருந்தாளி உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து என்னைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

“ஆமாங் கண்ணு. அப்பனுக்குத் தெரியாமப் போச்சு.”

எனக்குப் பாவமாகிவிட்டது. பன்னில் பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் தின்னாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். பெட்டியோடு பில்லும் பத்திரமாக இருக்கிறது, கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் வேறு மாற்றிக் கொடுப்பார்கள் என்று அப்பாவுக்குத் தைரியம் சொன்னேன்.